பார்லர் போல வீட்டிலேயே கூந்தலை உலர்த்தி அழகாக்கலாம்!



பூவிருந்தவல்லி ஒன்றியத்தில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சந்தா வசூல் முடிந்தது. உள்கடன் கேட்டவர்களின் விண்ணப்பங்களை ஊக்குநர் ஒவ்வொன்றாகப் படித்தார். பையனுக்குக் காலேஜ் பீஸ், கறவை மாட்டுக்குத் தீவனம், கூரைக்குத் தகரம் என்று வந்த வரிசையில் ஒன்றில் மட்டும் "இதரச் செலவு, ரூ.5,000" என்று இருந்தது. என்ன செலவு என்று கேட்டதும் அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பொண்ணுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் வச்சிருக்கோம். அவளுக்குச் சுருட்டை முடி. சீவினா நிக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்க. பார்லர்ல கேட்டோம். முடியை நேராக்க அஞ்சாயிரம் ஆகும்னு சொல்லிட்டாங்க."

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "முடிக்குப் போய் கடன் குடுப்பாங்களா?" என்றார் ஒருவர். "ஏன், அவ திருப்பிக் கட்டப் போறா. நமக்கென்ன?" என்றார் இன்னொருவர். கல்யாண வயசுப் பெண் அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா என்று மூன்றாவது குரல் வந்தது. தப்பே இல்லை என்றுதான் நாங்களும் சொன்னோம். பெண்களின் ஆசைக்கு ஆகும் செலவை மட்டும் "வீண் செலவு" என்று எழுதும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு தங்கை எழுந்தார். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பார்லரில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். "அக்கா, ஒரு நாள் போட்டோவுக்கு எதுக்கு ஆறு மாச மருந்து? தலைக்குக் குளிச்சு, டிரையர் காத்துல செட் பண்ணினா போதும். பார்லர்ல பாதிப் பேருக்கு அதைத்தான் பண்றோம். ஞாயித்துக்கிழமை காலையில நானே வந்து பண்ணித் தரேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார். ஒரு டிரையர், ஒரு பிரஷ், நான்கு கிளிப். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்று மாலை வரை முடி கலையவில்லை. அடுத்து தலைக்குக் குளித்ததும் பழைய சுருட்டை அப்படியே திரும்பி வந்தது. கடன் விண்ணப்பம் வாபஸ் ஆனது. இது தெரிந்ததும் "எப்படிப் பண்றதுன்னு நம்ம செய்தி மடல்ல எழுதுங்க மேடம்" என்று பல குழுக்களில் இருந்து கேட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வேலை, இரண்டு விலை

பார்லரில் முடியை அழகாக்க இரண்டு விதமான வேலை செய்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நமக்குச் செலவு கூடுகிறது.

ஒன்று, ஈர முடியை டிரையர் காற்றாலும் பிரஷ்ஷாலும் உலர்த்தி வடிவம் கொடுப்பது. இதை 'ப்ளோ டிரை' என்பார்கள். இதில் மருந்து எதுவும் கிடையாது. தண்ணீர், சூடு, பிரஷ் மூன்றும்தான். அடுத்த தலைக்குளியல் வரை இருக்கும்.

இன்னொன்று, ரசாயனம் தடவி முடியின் அமைப்பையே மாற்றுவது. ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெராட்டின் என்று பல பெயர்களில் சொல்வார்கள். பல மாதம் இருக்கும். விலையும் ஆயிரக்கணக்கில்.

நிச்சயதார்த்தம், இன்டர்வியூ, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா போன்ற ஒரு நாள் தேவைக்கு முதல் வேலையே போதும். அதை நம் வீட்டிலேயே செய்யலாம்.

ஷாம்பு பாக்கெட் முதல் பார்லர் வரை

டிரையர் ஒன்றும் புதிதல்ல. பிரான்ஸ் நாட்டில் முடி அலங்காரக் கடை வைத்திருந்த அலெக்ஸாண்டர் கோத்ஃப்ராய் என்பவர் 1890 வாக்கில் முதல் கருவியைச் செய்தார். அது நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு மேல் மாட்டும் பெரிய கருவி. கையில் பிடிக்கும் டிரையர் 1920-களில் வந்தது.

நம் பக்கத்துக்கு இந்தப் பழக்கம் வந்த கதையில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாம்பு என்பது பணக்காரர் வீட்டுப் பாட்டிலாக இருந்த காலத்தில், அதைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். 'வெல்வெட்' ஷாம்பு பாக்கெட் அவருடைய குடும்பத்தின் தயாரிப்பு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தனியாகத் தொடங்கியதுதான் 'சிக்' ஷாம்பு. அந்த நிறுவனமே பின்னால் 'கெவின்கேர்' ஆனது. பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கிய அந்தப் பாக்கெட்தான் கிராமத்துப் பெண்களின் கைக்கும் ஷாம்புவைக் கொண்டுவந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சி.கே. குமரவேல், மனைவி வீணாவுடன் 2000-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 'நேச்சுரல்ஸ்' பார்லரைத் தொடங்கினார். இன்று ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என்று நம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு ஏதாவது ஒரு பார்லர் இருக்கிறது.

ஷாம்பு பாக்கெட்டாக நம் வீட்டுக்கு வந்துவிட்டது. பார்லர் கைவேலை மட்டும் இன்னும் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டால் அதுவும் நம்முடையதுதான்.

முடி எப்படி வளைகிறது, எப்படி நேராகிறது?

இஸ்திரி போடுவதை நினைத்துப் பாருங்கள். பருத்திச் சேலையைக் காய்ந்தபடியே தேய்த்தால் சுருக்கம் போகாது. தண்ணீர் தெளித்து, இழுத்துப் பிடித்து, சூடு கொடுத்தால் நேராகிறது. தேய்த்த சேலையை ஆறுவதற்குள் சுருட்டி வைத்தால் மறுபடியும் கசங்கிவிடும். முடிக்கும் இதே கதைதான்.

நம் முடி 'கெராட்டின்' என்ற புரதத்தால் ஆனது. நகமும் அதே பொருள்தான். அந்தப் புரத இழைகளை இரண்டு விதமான கட்டுகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. ஒன்று ஹைட்ரஜன் கட்டு. தண்ணீர் பட்டாலே அது அவிழ்ந்துவிடும், காய்ந்ததும் தானே மறுபடி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இன்னொன்று கந்தகக் கட்டு. அது தண்ணீருக்கு அசையாது. ரீபாண்டிங் மருந்து அதைத்தான் உடைக்கிறது.

முடி காயும் நேரத்தில் எந்த வடிவத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறோமோ, அந்த வடிவத்தில் ஹைட்ரஜன் கட்டு விழுகிறது. நம் வேலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். மழை நாளில் முடி சீக்கிரம் கலைவதற்கும் காரணம் இதுவே. காற்றில் உள்ள ஈரம் அந்தக் கட்டை மறுபடியும் அவிழ்த்துவிடுகிறது.

நம் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை

செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், நம்மில் பலர் தலைக்கு ஊற்றுவது போர்த் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் விழுகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியானால் அது உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் சோப்புக் கட்டியால் தலை தேய்த்தால் பிசுக்கு போல ஒன்று முடியில் படியும். எத்தனை நேரம் உலர்த்தினாலும் முடி சொரசொரவென்றுதான் நிற்கும்.

இதற்கு எளிய வழி உண்டு. தலைக்குச் சோப்பு வேண்டாம். ஷாம்புவோ சீயக்காயோ போடுங்கள். கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்புத் தண்ணீரை மட்டும் நல்ல தண்ணீராக வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வரும் குடிநீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எதுவானாலும் சரி. முடி வழுவழுவென்று இருப்பதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

வீட்டில் செய்யும் முறை

தேவையான பொருட்கள்: ஹேர் டிரையர் (1,000 அல்லது 1,200 வாட் போதும்), அதன் முனையில் மாட்டும் தட்டையான மூக்கு, அகலப் பல் சீப்பு, உருளை வடிவப் பிரஷ், நான்கு பெரிய கிளிப், பழைய பருத்தித் துண்டு.

1. எண்ணெய் வைப்பதானால் குளிப்பதற்கு முன்பு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டுக் குளித்தால் முடியில் இருந்து புரதம் வெளியேறுவது குறைகிறது என்று 2003-இல் நம் நாட்டு ஆய்வு ஒன்று வெளியானது. எண்ணெய்க் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நடந்த ஆய்வுதான். இருந்தாலும் நம் பாட்டிமார் செய்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஆனால் குளிக்கும்போது எண்ணெயை முழுவதும் எடுத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். செட் ஆகாது.

2. ஷாம்புவைத் தலைத்தோலில் தேயுங்கள். கண்டிஷனர் பாக்கெட் இருந்தால் அதைக் காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள். வேரில் தடவினால் முடி தலையோடு படிந்துவிடும்.

3. துண்டால் முடியை அடித்துத் தட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஈர முடி ரப்பர் போல இழுபடும், சீக்கிரம் அறுந்துவிடும். துண்டை வைத்து ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள்.

4. அகலப் பல் சீப்பால் நுனியில் இருந்து சிக்கெடுக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். மேலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும்.

5. உடனே டிரையரைப் போடாதீர்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முக்கால்வாசி காய விடுங்கள். தண்ணீர் சொட்டக் கூடாது. தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வடிவம் விழுவது கடைசிக் கால் பங்கு ஈரம் காயும்போதுதான். அதற்கு முன்பு கொடுக்கும் சூடு எல்லாம் முடிக்கும் கேடு, கரண்டுக்கும் கேடு.

6. முடியை நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். உச்சியில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின்னால் ஒன்று. பின்னால் கீழ்ப்பகுதியில் தொடங்குங்கள். உச்சி முடி கடைசியில்தான். அவசரப்பட்டு மொத்தமாகக் காய்ச்சினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

7. இரண்டு விரல் அகலத்துக்கு முடியை எடுங்கள். பிரஷ்ஷை அடியில் கொடுத்து, வலிக்காத அளவுக்கு இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். டிரையரின் மூக்கு எப்போதும் வேரில் இருந்து நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். முடியின் மேல்தோல் கீற்றுக் கொட்டகை மாதிரி. கீற்று மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும். மேலிருந்து காற்று அடித்தால் கீற்று படியும். கீழிருந்து அடித்தால் தூக்கிக்கொள்ளும். பார்லர் முடியின் பளபளப்பு என்பது இந்தக் கீற்று படிந்திருப்பதுதான்.

8. டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். தூரம் 15 செ.மீ. பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள சின்ன ஸ்கேலின் நீளம் அது. 2011-இல் வெளியான ஒரு கொரியா நாட்டு ஆய்வில் 15 செ.மீ. தூரத்தில் முடியின் மேல் 47 டிகிரி சூடுதான் இருந்தது. 5 செ.மீ. தூரத்தில் அது 95 டிகிரி ஆனது. கிட்டத்தட்டக் கொதிக்கும் தண்ணீரின் சூடு! தூரத்தில் பிடித்து ஆட்டிக்கொண்டே உலர்த்தினால் கேடு குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

9. வேரில் முடி எழும்பி நிற்க வேண்டுமானால், பிரஷ்ஷை வேருக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக் காற்று கொடுங்கள். நுனி உள்பக்கம் வளைய வேண்டுமானால், நுனியைப் பிரஷ்ஷில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

10. ஒரு கொத்து காய்ந்ததும் பிரஷ்ஷை உடனே உருவாதீர்கள். டிரையரில் 'கூல்' பட்டன் இருந்தால் அழுத்தி, பத்து எண்ணும் வரை குளிர்ந்த காற்று கொடுங்கள். இட்லியைச் சூட்டோடு தட்டில் இருந்து எடுத்தால் பிய்ந்துவிடும், கொஞ்சம் ஆறவிட்டு எடுத்தால் முழுசாக வருகிறது அல்லவா? அப்படித்தான். கூல் பட்டன் இல்லையென்றால் டிரையரை அணைத்துவிட்டு அப்படியே பிடித்திருங்கள்.

11. முழுவதும் ஆறிய பிறகு, ஒரே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் மட்டும் தடவுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

தனியாகச் செய்தால் கை வலிக்கும், பின்பக்கம் எட்டாது. அதனால் இரண்டு பேராகச் செய்யுங்கள். அம்மாவும் பெண்ணும், நாத்தனாரும் அண்ணியும், பக்கத்து வீட்டுத் தோழியும் நீங்களும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். நாலாவது தடவை அரை மணியில் முடிந்துவிடும். விசேஷ நாளன்று முதன்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். பத்து நாள் முன்னாலேயே ஒத்திகை பாருங்கள்.

டிரையர் இல்லாதவர்கள் முக்கால்வாசி காய்ந்த முடியை இரண்டாகப் பிரித்து, தளர்வாக இரண்டு கொண்டை போட்டு, ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் இருங்கள். அவிழ்த்தால் அழகான அலை விழுந்திருக்கும். செலவே இல்லை. சாம்பிராணிப் புகை போடுபவர்கள், நைலான் சேலையோடு தணல் பக்கம் உட்கார வேண்டாம். இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் புகையே வேண்டாம்.

மின்சார ரயிலில், பேருந்தில் ஜன்னல் ஓரம் போகும்போது தளர்வாகப் பின்னி, பருத்தித் துப்பட்டா போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் நின்றாலே பெரிய விஷயம். உங்கள் கையில் குறை என்று நினைக்காதீர்கள்.

கரண்டில் கவனம்!

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

• குளியலறையில் டிரையர் கூடவே கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று போடக் கூடாது. கை காய்ந்திருக்க வேண்டும்.

• டிரையரில் உள்ள சுவிட்சை அணைத்தாலும், பிளக் சொருகியிருந்தால் உள்ளே கரண்ட் இருக்கும். அமெரிக்காவில் அணைத்து வைத்த டிரையர் தண்ணீரில் விழுந்து பலர் இறந்தார்கள். அதனால்தான் 1991 முதல் அங்கே விற்கும் டிரையர்களின் பிளக்கிலேயே பாதுகாப்புச் சாதனம் வைத்தார்கள். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பொதுவாக அது இருப்பதில்லை. எனவே வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் கையை விட்டு எடுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

• 1,200 வாட் டிரையர் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். சின்ன பிளக் பாயிண்டுக்கு அதுவே எல்லை. 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதற்குக் கீசருக்கு இருப்பது போன்ற பெரிய பாயிண்ட் வேண்டும். செல்போன் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் வயர் உருகி தீப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலும் போட வேண்டாம்.

• டிரையரின் பின்பக்கச் சல்லடையில் முடியும் தூசியும் அடைத்தால் சூடு ஏறிக் கருகும் வாசனை வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள்.

• மின்வாரியம் 'உயிர்காக்கும் சாதனம்' என்று சொல்லும் ஆர்.சி.டி. கருவியை வீட்டு மெயின் போர்டில் பொருத்துங்கள். கரண்ட் கசிந்தால் அது கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். கடன் வாங்குவதானால் இதற்கு வாங்குங்கள். நாங்கள் தடுக்க மாட்டோம்.

• கைக்குழந்தைக்குக் குளிப்பாட்டிய பிறகு டிரையர் காட்டாதீர்கள். மெல்லிய தோல், சட்டென்று வெந்துவிடும்.

• சூடு பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-க்குப் போன் செய்யுங்கள்.

கணக்குப் பார்ப்போமா?

நம் குழுவில் எதற்கும் கணக்கு உண்டு. 1,200 வாட் டிரையர் 15 நிமிடம் ஓடினால் 0.3 யூனிட். வாரம் இரண்டு முறை போட்டால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 5 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைத் தாண்டிய வீடுகளில் யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றரை ரூபாய்தான்.

டிரையர் சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்பதில்லை. குழுவுக்கு ஒன்று வாங்கி, யார் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்தால் போதும். 15 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 70 ரூபாய்கூட ஆகாது. ஆனால் சீப்பும் பிரஷ்ஷும் அவரவருக்குத் தனி. பேனும் படையும் அதன் வழியாகவும் பரவலாம்.

ரசாயனம் வேண்டுமானால் யோசித்துச் செய்யுங்கள்

சில ஸ்மூத்தனிங் மருந்துகளில் சூடு பட்டவுடன் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளியாகும். கண் எரிவதும் தொண்டை கமறுவதும் அதனால்தான். இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் முடிவு செய்தது. இந்த வாயு இல்லை என்று சொல்லி விற்கும் சில மருந்துகளில் கிளையாக்சிலிக் அமிலம் உள்ளது. இஸ்ரேல், பிரான்ஸ் நாடுகளில் அத்தகைய மருந்து தடவிய பெண்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்திகள் 2023, 2024-இல் மருத்துவ இதழ்களில் வந்தன. ஒருவர் செய்துகொள்வது வருடத்தில் ஒரு முறை. அதை நாள்தோறும் சுவாசிப்பது பார்லரில் வேலை செய்யும் நம் பெண்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்த்துவிடுங்கள். மற்றவர்கள் செய்வதானால் டப்பாவைக் காட்டச் சொல்லி, அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள். இது கேட்கும் உரிமை, சண்டை அல்ல.

இன்னொன்று. சீப்பு நிறைய முடி கொட்டுகிறது என்றால் டிரையரோ ஷாம்புவோ அதற்கு மருந்தல்ல. ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கைத்தொழிலாகவும் ஆகலாம்

முதலில் சொன்ன அந்தத் தங்கைக்கு அந்த நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நான்கு வீட்டில் இருந்து அழைப்பு வந்தது. முதல் வீட்டில் காசு வாங்கக் கூச்சப்பட்டார். "இது உங்க உழைப்பும்மா, வாங்கிக்கோங்க" என்று நாங்கள்தான் சொன்னோம். அதன் பிறகு வாங்கத் தொடங்கினார். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளன. அங்கே அழகுக்கலைப் பயிற்சி சுமார் ஒரு மாதம் இலவசமாகத் தருகிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் உங்கள் பிரதிநிதி மூலம் கூட்டமைப்பில் பெயர் கொடுங்கள்.

முடிக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அந்தப் பெண்ணைப் பார்த்தோம். தலைக்குக் குளித்து, சுருட்டை முடி தோளில் புரள நின்றுகொண்டிருந்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு இல்லக்கா?" என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. நேர்முடி அழகு, சுருட்டை குறை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நாள் வேறு மாதிரி இருக்க ஆசையா, செய்துகொள்ளுங்கள். கடன் வாங்காமல், கையைச் சுடாமல் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் யார் வீட்டில் டிரையர் உள்ளது? அதன் வாட் எவ்வளவு? எந்தப் பாயிண்டில் சொருகுகிறோம்?

2. எத்தனை வீட்டில் உயிர்காக்கும் சாதனம் பொருத்தியிருக்கிறோம்?

3. போன வருடம் பார்லருக்கு ஆளுக்கு எவ்வளவு செலவானது? அதில் எதை நாமே செய்திருக்கலாம்?

4. இந்த வேலை தெரிந்தவர் நம் குழுவில் யார்? அவர் மற்றவர்களுக்கு ஒரு நாள் செய்து காட்டுவாரா?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எங்களுக்குத் தெரிவியுங்கள்.